சாண் என்ன, முழம் என்ன: ஒரு மைசூர்பாவுக்குப் பின் வரும் குற்ற உணர்ச்சி

வியாழக்கிழமை மாலை நாலரை மணி. அலுவலகத்தில் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்வீட் பாக்ஸ் மேசை மேசையாக வருகிறது. நீங்கள் 11 நாளாகச் சர்க்கரை போடாத காபி, ராத்திரி இரண்டே சப்பாத்தி, காலையில் நடை என்று ஒழுங்காக இருக்கிறீர்கள். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க” என்கிறார்கள். எடுக்கிறீர்கள். விரலில் நெய் ஒட்டும் மைசூர்பா. வாயில் கரைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கரைந்து முடிந்ததும் உள்ளே ஒரு குரல்: ‘சே, எல்லாம் போச்சு.’

அப்புறம் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் இரண்டு பஜ்ஜி. வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் கிடந்த மிக்சர். ராத்திரி மாவு பிசைய மனமில்லாமல் பிரியாணி பார்சல். ‘இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சே, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்.’ மைசூர்பாவைத் தின்றது வியாழன் மாலை. திங்கட்கிழமை வருவதற்குள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று முழு நாட்கள் இருக்கின்றன.

எடை குறைக்க முயன்றவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானும் பல வருஷம் திங்கட்கிழமைக்காரனாக இருந்தவன்தான். இனிப்பு உடம்பைக் கூட்டும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். இனிப்பைத் தின்ற பிறகு வருகிற குற்ற உணர்ச்சி அதைவிடக் கூடுதலாகக் கூட்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

மைசூர்பாவின் கணக்கு

உணவில் இருக்கும் ஆற்றலைக் கலோரியில் அளக்கிறோம். 1 கிராம் கொழுப்பில் சுமார் 9 கலோரி. 1 கிராம் சர்க்கரையில் சுமார் 4. மைசூர்பா என்பது பெரும்பாலும் நெய்யும் சர்க்கரையும்தான்; கடலைமாவு அவை இரண்டையும் கட்டிப்போடும் கயிறு மாதிரி. 40 கிராம் துண்டு ஒன்றில் 200 கலோரி சொச்சம் வரும். கடைக்குக் கடை மாறும். நம் கணக்குக்கு 200 என்றே வைத்துக்கொள்வோம்.

உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி செலவாகாமல் மிஞ்ச வேண்டும். 200 கலோரிக்கு அந்த விகிதத்தில் எவ்வளவு? 26 கிராம். அந்தத் துண்டு ஒரு துளி வீணாகாமல் அப்படியே கொழுப்பாக மாறினாலும் அவ்வளவுதான். தின்ற துண்டே 40 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த வாரத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் உடம்பு செலவழிப்பதைவிட 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டு வருகிறீர்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை 2,800 கலோரி சேமிப்பு. வியாழன் மாலை மைசூர்பா ஒன்றோடு நின்றிருந்தால் அது 2,600 ஆகியிருக்கும். வாரக் கடைசியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

‘போனது போச்சு’ என்ற பாதையில் போனால்? பஜ்ஜி, மிக்சர், பிரியாணி மூன்றும் சேர்ந்து அன்று மாலை கூடுதலாக ஒரு 1,000 கலோரி என்று குறைத்தே வைப்போம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விருந்து சாப்பிட வேண்டாம், கட்டுப்பாட்டை விட்டுப் பழையபடி சாப்பிட்டாலே போதும். நாளுக்கு 400 வீதம் 1,200 கலோரி சேமிப்பு காணாமல் போகும். மைசூர்பாவின் 200ஐயும் சேர்த்தால் மொத்த இழப்பு 2,400. மிஞ்சியது 400. அந்த 2,400இல் இனிப்பின் பங்கு 200தான். மற்ற 2,200ம் ‘சே’யின் பங்கு.

வெள்ளிக்கிழமை காலை எடை மெஷின்மேல் ஏறி நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தின நாளைவிட 1 கிலோ கூடக் காட்டலாம். பயப்படாதீர்கள், ஒரே ராத்திரியில் 1 கிலோ கொழுப்பு சேராது. மாவும் சர்க்கரையும் சாப்பிட்டால் அதில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்துவைக்கிறது. 1 கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு வரும். மிக்சரிலும் பிரியாணியிலும் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முந்தின ராத்திரி சாப்பிட்டது குடலிலேயே இருக்கும். டயட் சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இது வடிந்துவிடும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் ‘மூணு கிலோ போச்சு’ என்று சந்தோஷப்பட்டோமே, அதிலும் பாதிக்கு மேல் இதே தண்ணீர்தான். போனபோது கொண்டாடினோம், வந்தபோது மட்டும் அழுகிறோம்.

டயட் எப்போது விரதம் ஆனது?

கணக்கு இவ்வளவு எளிது. அப்படியிருந்தும் ஒரு துண்டு இனிப்பு ஏன் ஒரு வாரத்தைக் கவிழ்க்கிறது? என் யோசனையில், நாம் டயட்டை விரதத்தோடு குழப்பிக்கொள்கிறோம்.

விரதம் நமக்கு மிகப் பழக்கமான ஒன்று. சஷ்டி, ஏகாதசி, அமாவாசை, நோன்பு, தவக்காலம் என்று எந்த வீட்டில் பிறந்தாலும் ஏதோ ஒன்றைப் பார்த்து வளர்ந்திருப்போம். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள். விரதத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு: இருக்கிறோம், அல்லது முறித்துவிட்டோம். நடுவில் ஒன்றும் கிடையாது. தெரியாமல் ஒரு வாய் வைத்தாலும் ‘விரதம் முறிஞ்சுபோச்சு’ என்பார் பாட்டி. விரதத்தின் பொருள் கலோரியில் இல்லை, வாக்கைக் காப்பதில் இருக்கிறது. அதனால் அங்கே அந்தத் தர்க்கம் சரி.

எடைக் குறைப்பு கடைக்கணக்கு மாதிரி. இன்றைய செலவு கொஞ்சம் கூடிவிட்டால் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போடுகிற கடைக்காரர் உண்டா? கூடின செலவை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நாமோ மைசூர்பாவைத் தின்றதும் ‘முறிஞ்சுபோச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முறிந்த விரதத்துக்கு இனி ஏது கட்டுப்பாடு? அடுத்த நல்ல நாள் பார்த்துத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். திங்கட்கிழமைக்கு நாம் கொடுக்கும் மரியாதை இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். திங்கள் கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதி, அதுவும் இல்லையென்றால் ஜனவரி.

நாம் பேசும் பேச்சிலும் இது தெரியும். ‘நேத்து தப்பு பண்ணிட்டேன்’ என்பார் ஒருவர். என்ன தப்பு என்று பதறிக் கேட்டால், ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம்! லஞ்சம் வாங்கியவர்கூட அவ்வளவு தலைகுனிந்து சொல்லமாட்டார்.

ஆய்வகத்தில் சாணும் முழமும்

‘தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன’ என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. உளவியலாளர்கள் இதே மனநிலையை ஆய்வகத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவிகளை அழைத்து, ருசி பார்க்கும் சோதனை என்று சொன்னார்கள். சிலருக்கு ஒரு மில்க்‌ஷேக், சிலருக்கு இரண்டு, சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீம் கிண்ணங்களை வைத்து, ருசித்து மதிப்பெண் போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உண்மையில் அளந்தது ஐஸ்கிரீமின் அளவை. சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத பெண்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். எப்போதும் அளந்து சாப்பிடும் பெண்கள் தலைகீழாக நடந்துகொண்டார்கள்; மில்க்‌ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் குடித்தபோது அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். ‘இன்னைக்குக் கணக்கு கெட்டாச்சு’ என்று தோன்றியதும் அணை திறந்துவிட்டது.

ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் பிறகு டொராண்டோவில் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அவர்கள் வைத்த பெயர், ‘போய்த் தொலையட்டும்’ என்ற பொருளில் வரும் ஒரு வசவு. நான் இதைச் சாண்-முழம் என்றே சொல்லப்போகிறேன்.

அவர்கள் 2010இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் வேடிக்கை. எல்லோருக்கும் ஒரே அளவு பீட்சாத் துண்டு. ஆனால் சிலருக்கு, மற்றவர்களைவிடத் தனக்குப் பெரிய துண்டு வந்துவிட்டது என்று தோன்றும்படி ஏற்பாடு செய்தார்கள். பிறகு பிஸ்கட் ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட்டில் இருந்தவர்களில், பெரிய துண்டைத் தின்றுவிட்டதாக நினைத்தவர்கள் கூடுதலாகப் பிஸ்கட் தின்றார்கள். வயிற்றுக்குள் போனது எல்லோருக்கும் ஒரே பீட்சா. ஆகவே சாண்-முழத்தைக் கிளப்புவது கலோரி இல்லை, ‘வரம்பு மீறிட்டோம்’ என்ற நினைப்பு. அந்த வரம்பை வரைந்ததும் நாம்தான்.

சரி, திட்டுவதற்குப் பதில் ஆறுதலாகப் பேசினால்? கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 2007இல் இதைப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஒரு டோனட் கொடுத்தார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும், ‘இதெல்லாம் எல்லோரும் எப்போதாவது சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்’ என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொன்னார்கள். பிறகு மிட்டாய்க் கிண்ணங்கள் வந்தன. கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பழக்கமுள்ளவர்களில், அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகவே மிட்டாய் சாப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்றுதானே வளர்ந்திருக்கிறோம்! தன்னை மன்னித்தால் அடுத்த டப்பாவையும் காலி செய்வோம் என்று பயப்படுகிறோம். நடந்தது நேர்மாறு.

நியூசிலாந்தில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கேள்வி இன்னும் எளிது: சாக்லேட் கேக் என்றதும் உங்களுக்குத் தோன்றுவது குற்ற உணர்ச்சியா, கொண்டாட்டமா? ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குற்ற உணர்ச்சி என்றார். எடை குறைக்க விரும்பியவர்களில், அப்படிச் சொன்னவர்கள் கொண்டாட்டம் என்றவர்களைவிட அடுத்த மூன்று மாதத்தில் பின்தங்கியிருந்தார்கள். குற்ற உணர்ச்சி கட்டுப்பாட்டைத் தரும் என்றால் அவர்களல்லவா முந்தியிருக்க வேண்டும்?

இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சோதனைகளில் பல, கல்லூரிப் பெண்களைச் சில மணி நேரம் உட்காரவைத்து நடத்தியவை. 2009இல் வேறொரு குழு, டயட்டில் இருப்பவர்களை அவரவர் அன்றாட வாழ்க்கையிலேயே சாப்பிடுவதைப் பதிவு செய்யச் சொல்லிப் பார்த்தது. கட்டுப்பாட்டை மீறிய பிறகு அவர்கள் வெள்ளமாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. ஒருமுறை வழுக்கினால் உருண்டே தீர வேண்டும் என்று தலைவிதி எதுவும் இல்லை. உருளுபவர்களும் இருக்கிறார்கள், தட்டிவிட்டு எழுந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

குரங்கை நினைக்காதே

இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று ஒரு வைத்தியர் சொன்னாராம். அதுவரை குரங்கையே நினைத்திராதவன் அதற்கப்புறம் மருந்தைக் கையில் எடுத்தாலே குரங்கு வந்து நின்றதாம். ‘இனிப்பைத் தொடவே கூடாது’ என்ற விதியும் வைத்தியரின் குரங்குதான். மற்ற நாட்களில் கண்ணில் படாத பேக்கரி, டயட் தொடங்கிய மறுநாள் தெருவுக்கு மூன்றாக முளைத்திருக்கும்.

இதில் பசிக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு நீண்ட சோதனை நடத்தினார். தாமாக முன்வந்தவர்கள், ஆரோக்கியமானவர்கள். ஆறு மாதம் அவர்களின் உணவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். மெலிந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகவே மாறிப்போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாடு முடிந்த பிறகும் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் போதவில்லை.

நம் டயட் அவ்வளவு கொடுமை இல்லைதான். ஆனாலும் காலையில் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காய் என்று ஓட்டிவிட்டு நாலரை மணிக்கு ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தால், கை நீளுவது மனபலக் குறைவால் இல்லை. பசிக்கிறது! அதற்குக் குற்ற உணர்ச்சி வந்து என்ன செய்யும்? மதியச் சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் சுண்டலும் சேர்ந்தால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

செயலா, ஆளா?

குற்ற உணர்ச்சி முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. ‘மூணு துண்டு சாப்பிட்டேன், ஒண்ணோட நிறுத்தியிருக்கலாம்’ என்று சின்னதாக ஒரு உறுத்தல் வருகிறதே, அது செயலைப் பற்றியது. செருப்புக்குள் கல் மாதிரி. எடுத்துப் போட்டுவிட்டு நடக்கலாம்.

‘எனக்கு வாயைக் கட்டத் தெரியாது, நானெல்லாம் திருந்தவே மாட்டேன்’ என்பது வேறு. இது ஆளைப் பற்றிய தீர்ப்பு. உளவியலில் முதலாவதைக் குற்ற உணர்ச்சி என்றும் இரண்டாவதை அவமான உணர்ச்சி என்றும் பிரிப்பார்கள். அன்றாடப் பேச்சில் நாம் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ஆளே சரியில்லை என்று முடிவாகிவிட்டால் அப்புறம் அடுத்த வேளையைத் திருத்தி என்ன பயன்? அவமானத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, அது ஒளிந்துகொள்ளச் சொல்லும். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி, சத்தம் வராமல் டப்பா மூடியைத் திறந்து லட்டு தின்றிருக்கிறேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தபோது வாயில் இருந்ததை மெல்லாமல் முழுங்கினேன். அந்த லட்டின் ருசி எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கலோரி மட்டும் முழுசாக உள்ளே போனது.

தின்றாகிவிட்டது, இனி என்ன?

வாயில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் நம் கையில் இருக்கிறது. சாண்-முழம் பிறப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நான் செய்து பார்த்ததில் எனக்கு மிகவும் உதவியது ஒரே ஒரு வாக்கியம்: ‘ஒரு மைசூர்பா சாப்பிட்டேன்.’ அவ்வளவுதான். ‘டயட் போச்சு’ இல்லை, ‘கெட்டுப்போச்சு’ இல்லை. நடந்ததை நடந்த அளவிலேயே சொல்லிக்கொள்வது. சாணைச் சாண் என்றே சொல்லப் பழகினால் அது முழமாக நீளாது. கேட்க அற்பமாக இருக்கும், சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, ராத்திரிச் சாப்பாட்டை வெட்டாதீர்கள். ‘சாயங்காலம் ஸ்வீட் சாப்பிட்டாச்சு, அதனால ராத்திரி பட்டினி’ என்பது நியாயமான ஈடு மாதிரித் தெரியும். உண்மையில் அது தண்டனை. பட்டினி கிடந்தவர் ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் என்ன செய்வார் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அந்த இரண்டு சப்பாத்தியையும் பொரியலையும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை இரண்டு மடங்கு நடக்கவும் வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். நடையை இனிப்புக்கு அபராதமாக மாற்றினால், இனிப்பு சாப்பிடாத நாளில் எதற்கு நடக்க வேண்டும் என்று மனம் கேட்கும்.

எடை மெஷினை இரண்டு மூன்று நாள் மறந்துவிடுங்கள். தண்ணீர்க் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

இனி, தின்பதற்கு முன்னால். இனிப்பை முழுக்க விலக்க முடியும் என்று நினைப்பவர்கள் காலண்டரைப் பார்க்கட்டும். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில் தொடங்கி நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் கேக், பொங்கல் என்று ஐந்து மாதம் ஓடும். ரம்ஜான் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணியோடு பாயசமும் வரும். நடுவில் கல்யாணங்கள், காதுகுத்து, பதவி உயர்வு. இவற்றையெல்லாம் ‘வழுக்கல்’ என்று எழுதிக்கொண்டே போனால் வருஷம் முழுக்க வழுக்கல்தான். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ என்று திட்டத்திலேயே இடம் ஒதுக்கிவிட்டால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவே. உலக சுகாதார நிறுவனமும் சர்க்கரையை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம் சர்க்கரை. தினமும் நாலு காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் போடுபவர் ஸ்வீட் பாக்ஸைத் தொடாமலே அதைத் தாண்டியிருப்பார். அதற்காக அவர் யாரிடமும் தலைகுனிவதில்லை; காபியை யாரும் பாவப் பட்டியலில் சேர்க்கவில்லையே.

சிலர் வாரத்தில் ஒரு வேளையைச் ‘சீட் மீல்’, அதாவது ஏமாற்றுச் சாப்பாடு, என்று ஒதுக்கிக்கொள்கிறார்கள். ஏற்பாட்டில் தவறில்லை. பெயர்தான் பிடிக்கவில்லை. யாரை ஏமாற்றுகிறோம்? சொந்தக் காசில் சொந்த வாயில் போட்டுக்கொள்வதற்குப் பெயர் ஏமாற்றா? ‘ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு’ என்று சொன்னால் போயிற்று.

திட்டமிட்டுச் சாப்பிடும்போது உட்கார்ந்து, தட்டில் வைத்து, போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் இரண்டு வாயில் கிடைக்கும் ருசி ஐந்தாவது வாயில் இருக்காது என்பதை அப்போது நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பிடிக்காத இனிப்பை மரியாதைக்காகத் தின்பதை நான் நிறுத்தியதும் அப்படித்தான். அலுவலக ஜாங்கிரி பெரும்பாலும் எண்ணெய் வாசம்தான் அடிக்கும். அதற்கு 150 கலோரி கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரே வாயில் இரண்டு பேச்சு

நம் வீடுகளில் இந்தக் குற்ற உணர்ச்சியை நாம் மட்டும் தயாரிப்பதில்லை. கல்யாணப் பந்தியில் பெரியம்மா பக்கத்தில் உட்காருவார். “என்னடா, இப்படி உடம்பு போட்டுட்ட?” என்பார். அடுத்த மூச்சில் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, “தம்பிக்கு இன்னொரு பாதுஷா வை” என்பார். மறுத்தால், “நான் சொல்லியும் வேணாங்கறியா?” சாப்பிட்டால் ஒரு குற்றம், சாப்பிடாவிட்டால் இன்னொரு குற்றம்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. அவர் கொடுப்பது பாசம், அதன் வடிவம் பாதுஷா. டயட் என்ற சொல்லை எடுத்தால் பந்தி முழுக்க ஆலோசனைக் கூட்டமாகிவிடும். “பெரியம்மா, வயிறு ஃபுல். கட்டிக் கொடுங்க, வீட்ல போய்ச் சாப்பிடறேன்” என்பது எனக்குத் தெரிந்து தோற்காத பதில். பாசம் பொட்டலத்தில் வந்துவிடும். வீட்டில் அதை எப்போது, யாரோடு பங்கிட்டுத் தின்பது என்பது நம் முடிவு. உடம்பைப் பற்றிய பேச்சுக்குச் சிரித்துவிட்டு நகர்வதைத் தவிர நல்ல வழி எதையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

‘பரவாயில்லை’ போதாத இடங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன 200 கலோரிக் கணக்கு மட்டும் போதாது. எது, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அங்கேயும் குற்ற உணர்ச்சி கெடுதலைத்தான் செய்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு போவார்கள், டாக்டர் திட்டுவாரே என்று. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும். மறைத்ததால் மருந்தின் அளவு தப்பாகப் போவதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வயிறு வலிக்கும்வரை, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது அடிக்கடி நடக்கிறதா? சாப்பிட்டதை விரலைவிட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது என்று ஈடுகட்டத் தோன்றுகிறதா? சாப்பாட்டு நினைப்பு நாளின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறதா? அப்படியென்றால் இது மைசூர்பாப் பிரச்சினை இல்லை. உணவுக் கோளாறு என்ற நோய் இருக்கிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஆண்களுக்கும் வரும், சிகிச்சையும் இருக்கிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலிமானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா போன் செய்து, “அதிரசம் அனுப்பட்டுமா?” என்று கேட்பார். நான் டயட் வீரனாக, “வேண்டவே வேண்டாம்” என்பேன். இருபது வரும். இரண்டு நாள் தொடமாட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி ஃபிரிட்ஜ் வெளிச்சம். போன வருஷம் கேட்டபோது, “ஆறு அனுப்பும்மா. ஒரு நாளைக்கு ஒண்ணு” என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஆறு எப்படிடா போதும்?” என்றார். பன்னிரண்டு வந்தது. ஆறை எடுத்துவைத்துக்கொண்டு, மீதியைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தோம். கடைசி அதிரசம் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. இட்லிப் பானையில் ஆவி காட்டிச் சாப்பிட்டேன்.